மருந்துச் சீட்டு என்னும் பிரதி: வழுவும் குற்றமும்

2019 ஆவணியில், மேட்டூர் ஆகஸ்டில்தான் திறக்கப்பட்டு எங்கள் பாபநாசம் பக்கத்து வாய்க்கால்களில் சம்பாவுக்குத் தண்ணீர் வந்துகொண்டிருந்த நாட்களில், என் அம்மாவுக்கு எட்டு இரவு தொடர்ந்து ஒரு மாத்திரை கொடுத்தேன். வாரத்துக்கு ஒன்று கொடுக்க வேண்டிய மாத்திரை அது. பெயர் மெத்தோட்ரெக்சேட். அம்மாவுக்குச் சரவாங்கி. விரல் மூட்டெல்லாம் வீங்கி, விடிகாலையில் காப்பி டம்ளரைக்கூடப் பிடிக்க முடியாமல் போனபோது ஒரு தனியார் மருத்துவமனைக்கு அழைத்துப்போயிருந்தோம். பார்த்த மருத்துவர் நிதானமானவர். நல்லவர் என்றே இன்றும் நினைக்கிறேன். சீட்டில் இரண்டு மருந்துகள். மெத்தோட்ரெக்சேட் 7.5, எதிரே 0-0-1. ஃபோலிக் அமிலம் 5, எதிரே 1-0-0. முதல் வரியின் கடைசியில் ஓர் ஆங்கில எழுத்தும் ஒரு புள்ளியும் இருந்தன. அது மருத்துவரின் சுருக்கொப்பம் என்று எடுத்துக்கொண்டேன். 'வாரம்' என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து அது என்று பதினைந்து நாள் கழித்துத்தான் தெரிந்தது. மருந்துக்கடைப் பையன் பத்து மாத்திரை அட்டையை முழுசாக எடுத்து, அதன் முதுகில் பேனாவால் 0-0-1 என்று எழுதி, "நைட்டு ஒண்ணு சார்" என்றான். நான் எம்.ஏ. தமிழ். வாசிப்பது, வாசிப்பைப் பற்றி எழுதுவது, இதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வேலை.

ஐந்தாம் நாள் அம்மாவுக்கு வாயில் புண். "ஒடம்பு சூடுப்பா, வேறென்ன" என்று கொல்லையிலிருந்து மணத்தக்காளிக் கீரையைப் பறித்துச் சாறு வைத்துக் குடித்தார். எட்டாம் நாள் எச்சில் விழுங்க முடியவில்லை. ஒன்பதாம் நாள் காய்ச்சல். தஞ்சாவூரில் வேறோர் இடத்தில் சேர்த்தோம். வெள்ளையணுக்கள் அபாயகரமாக இறங்கியிருந்தன. அங்கிருந்த இளம் மருத்துவர் அட்டையை வாங்கிப் பார்த்து, காலியான குழிகளை விரலால் எண்ணிவிட்டு, "இத தெனமும் குடுத்தீங்களா? யார் குடுக்கச் சொன்னா?" என்றார். இந்த மருந்து உடம்பில் ஃபோலிக் அமிலத்தின் வேலையைத் தடுத்துத்தான் நோயை அடக்குகிறது; வாரத்துக்கு ஒருமுறை என்றால் உடம்பு ஈடுகொடுக்கும், தினமும் என்றால் எலும்பு மஜ்ஜை புதிய அணுக்களை உண்டாக்குவதை நிறுத்திவிடும். லூகோவோரின் என்ற மாற்று மருந்தை ஊசியில் ஏற்றினார்கள். பன்னிரண்டு நாள் கழித்து அம்மா வீடு திரும்பினார்.

வீட்டில் எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான். மாமா சத்தம்போட்டே கேட்டார்: "யாரு மேல தப்பு? அதச் சொல்லு மொதல்ல. கேஸ் போடுவமா வேணாமா?" இந்தக் கேள்வி ஏன் முதலில் வருகிறது, வந்தபிறகு வேறெந்தக் கேள்வியையும் ஏன் உள்ளே விடமாட்டேன் என்கிறது என்பதைத்தான் இங்கே யோசித்துப் பார்க்க விரும்புகிறேன். இன்னொரு பிரதியும் கையில் இருந்தது: வீடு அனுப்பும்போது கொடுத்த சுருக்க அறிக்கை. அதில் 'மருந்தினால் ஏற்பட்ட இரத்த அணுக்குறைவு' என்கிற பொருளில் ஒரு வரி. எழுவாய் இல்லாத வாக்கியம். மாமாவின் வாக்கியத்தில் எழுவாயைத் தவிர வேறொன்றுமில்லை. மருத்துவமனையின் வாக்கியத்தில் எழுவாயே கிடையாது. நடந்தது என்ன என்பது இரண்டிலும் இல்லை.

*

சீட்டிலிருந்து தொடங்கலாம். 1-0-1 என்ற குறியமைப்பை நாம் யாரும் கவனித்துப் பார்த்ததில்லை. மூன்று இடங்கள்: காலை, மதியம், இரவு. இடத்துக்கு ஓர் எண். ஆங்கிலம் தெரியாதவர்கள், எழுத்தே தெரியாதவர்களும்கூட அதை வாசித்துவிடுகிறார்கள். என் பாட்டி வாசித்தார். மொழி கடந்து இந்தியா முழுக்கப் புழங்கும் இப்படி ஒரு குறி அநேகமாக ரூபாய் நோட்டுக்கு அடுத்து இதுதான். ஆனால் இதன் இலக்கணத்துக்குள் ஒரு சொல்லப்படாத சொல் இருக்கிறது: 'தினமும்'. அது எங்கும் எழுதப்படுவதில்லை. எழுதப்படாததாலேயே மறுக்க முடியாததாக இருக்கிறது. மூன்று இடங்களும் ஒரு நாளின் கூறுகள். வாரம் என்பதற்கு அங்கே இடமில்லை. வாரத்துக்கு ஒருமுறை தர வேண்டிய மருந்தை அந்தக் குறிக்குள் போட்டு எழுதினால், வரியின் ஓரத்தில் தொங்கும் ஒற்றை எழுத்து எவ்வளவு அடித்துச் சொன்னாலும் உள்ளே இருக்கிற 'தினமும்' அதைத் தின்றுவிடும். மருத்துவர் எழுதியது தவறல்ல. நான் வாசித்ததும் அந்தக் குறியமைப்பின் விதிப்படி தவறல்ல. இரண்டு சரிகள் சேர்ந்து ஒருத்தியைச் சாவின் வாசல்வரை கொண்டுபோயின.

இதனால்தான் கையெழுத்தைப் பற்றிய நம் பொதுப் புலம்பலில் எனக்கு அவ்வளவு நம்பிக்கையில்லை. 2016 செப்டம்பரில் இந்திய மருத்துவக் கவுன்சில் தன் விதியைத் திருத்தி, மருந்துகளைப் பொதுப்பெயரில், தெளிவாக, கூடுமானவரை பெரிய எழுத்துகளில் எழுத வேண்டும் என்றது. 2025இல் பஞ்சாப் - ஹரியானா உயர்நீதிமன்றம், வாசிக்கக்கூடிய மருந்துச் சீட்டு நோயாளியின் அடிப்படை உரிமை என்று சொன்னது. நல்ல காரியங்கள்தான். ஆனால் எங்கள் சீட்டு தெளிவாகத்தான் இருந்தது. 0-0-1 என்பதைவிடத் தெளிவாக எதை எழுதிவிட முடியும்? எழுத்து தெளிவாக இருந்தால் அர்த்தமும் தெளிவாகிவிடும் என்பது ஒரு மூடநம்பிக்கை. இலக்கியத்தில் அதை நாம் விட்டு வெகுநாள் ஆகிறது.

பெயர்களின் கதை வேறு. 2001இல் காடிலா என்ற பெயரைப் பகிர்ந்துகொண்ட இரண்டு நிறுவனங்கள் உச்சநீதிமன்றத்தில் மோதிக்கொண்டன. ஒன்றின் மருந்து ஃபால்சிகோ, மற்றதன் மருந்து ஃபால்சிடாப். இரண்டும் மூளையைத் தாக்கும் மலேரியாவுக்கு. ஆனால் உள்ளே இருக்கும் மருந்துப்பொருள் வேறு. வணிகக்குறி வழக்குதான், பணத்துக்காக நடந்ததுதான். இருந்தாலும் தீர்ப்பில் நீதிபதிகள் ஒரு மொழியியலாளன் சொல்ல வேண்டியதைச் சொன்னார்கள்: பொதுமொழி ஒன்று இல்லாத நாடு இது, ஆங்கிலம் தெரிந்தவர் சிறு பகுதி, எழுத்தறியாதவர் அநேகர், ஆகவே ஒலியில் நெருங்கிய இரண்டு மருந்துப் பெயர்களை மற்றப் பண்டங்களின் பெயர்களைப்போலப் பார்க்க முடியாது, குழப்பத்துக்கான வாய்ப்பு குறைவாக இருந்தாலும் கூடாது. சோப்பு வாங்குகிறவன் ஏமாந்தால் சோப்புதான் போகும். அப்படியானால் எல்லாவற்றையும் தமிழில் எழுதிவிட்டால் தீர்ந்ததா என்று நம் நண்பர்கள் கேட்பார்கள். நானும் ஆசைப்படுகிறவன்தான். ஆனால் நம் எழுத்தில் ஒரே 'ப' இரண்டு ஒலிகளைச் சுமக்கிறது, ஒரே 'க'வும் அப்படியே; ஆங்கிலத்தில் வேறாக நிற்கும் பெயர்கள் தமிழில் இன்னும் நெருங்கி வரக்கூடும். எப்போது, எத்தனை, எதற்காக என்பதைத் தமிழில் எழுத எந்தத் தடையும் இல்லை. பெயரைத் தமிழில் எழுதும்போதுதான் நிதானம் வேண்டும்.

ரோலான் பார்த் ஆசிரியனின் மரணத்தைச் சொல்லி, அதற்கு ஈடாக வாசகன் பிறக்கிறான் என்றார். எனக்கு முந்திய தலைமுறை இதை வைத்து எத்தனை இதழ்களை நிரப்பியது! மருந்துச் சீட்டு என்ற பிரதியில் ஆசிரியர் உயிரோடுதான் இருக்கிறார். செத்துப்போகக்கூடியவர் வாசகர்.

*

டெல்டாக்காரனுக்கு இதை விளக்க ஜேம்ஸ் ரீசனின் பாலாடைக்கட்டி வேண்டியதில்லை. (ஆங்கிலேய உளவியலாளரான அவர், ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் தடுப்புகளில் ஒவ்வொன்றிலும் ஓட்டைகள் உண்டு, அவை ஒரே நேர்கோட்டில் வந்துவிடும்போது விபத்து நேர்கிறது என்று சொல்லி, ஓட்டை போட்ட பாலாடைக்கட்டித் துண்டுகளை உதாரணம் காட்டினார். இங்கே யார் அந்தக் கட்டியைப் பார்த்தார்கள்?) நமக்கு கடைமடை இருக்கிறது. வேதாரண்யத்துப் பக்கம் ஒரு வயல் காய்ந்தால், அந்த வயற்காரனைப் பிடித்து ஏன் காயவிட்டாய் என்று யாரும் கேட்பதில்லை. மேட்டூரில் எவ்வளவு திறந்தார்கள், கல்லணையில் எந்தப் பக்கம் எவ்வளவு பிரித்தார்கள், எந்த மதகின் பலகை இறங்கவில்லை, எந்த வாய்க்கால் தூர்வாரப்படவில்லை, எங்கே உடைப்பு என்று மேலே மேலே போய்த்தான் கேட்கிறோம். மருந்துக்கு மட்டும் இந்த அறிவு நமக்கு வருவதில்லை. மருந்தின் கடைமடையில் நிற்பவர் செவிலியர். வீட்டில் என்றால் மகனோ மருமகளோ. ஊசி அவர்கள் கையில் இருக்கிறது, அதனால் தவறும் அவர்களுடையது ஆகிவிடுகிறது.

எங்கள் வீட்டு நிகழ்வை அப்படி மேலே போய்ப் பார்த்தால்: வாரம் என்பதற்கு இடமில்லாத குறியமைப்பு, இரண்டும் ஒரேபோலச் சின்னஞ்சிறு மஞ்சள் மாத்திரைகள், பத்து வாரத்துக்கான மருந்தை ஒரே அட்டையில் அடைத்து விற்கும் முறை, அட்டையில் 'வாரம் ஒருமுறை மட்டும்' என்று தமிழில் ஒரு வார்த்தை இல்லாமை, மருந்தாளுநர் இருக்க வேண்டிய இடத்தில் நின்ற பையன், வெளியே நாற்பது பேர் காத்திருக்கையில் ஒரு சீட்டுக்கு மருத்துவருக்குக் கிடைத்த மூன்று நிமிஷம், கேட்டால் படிக்காதவன் என்று நினைத்துவிடுவார்களோ என்ற என் படித்த திமிர். கடைசியாகச் சொன்னதை நான் சும்மா ஒரு பேச்சுக்குச் சேர்க்கவில்லை.

உலகெங்கும் இதே மருந்தில் இதே தவறு நடந்திருக்கிறது. இங்கிலாந்தில் 2000இல் கேம்பிரிட்ஜ்ஷயரில் ஒரு நோயாளி இறந்தபின் தனியாக விசாரணை வைத்தார்கள். அதைத் தொடர்ந்து நாடு முழுவதற்குமான எச்சரிக்கைகள் வந்தன. நம் நாட்டில் மிகப் பெரிய இழப்பீட்டுக்குக் காரணமான வழக்கும் ஒரு கால இடைவெளித் தவறுதான். 1998இல் கல்கத்தாவில் ஒரு பெண்ணுக்கு, ஒருமுறை போட்டால் ஒன்றிரண்டு வாரம் உடம்பில் தங்கி வேலை செய்யும் டெப்போமெட்ரால் என்ற ஸ்டீராய்டு ஊசியை நாளுக்கு இரண்டு முறை போடச் சொல்லி எழுதினார்கள். தோல் உரியும் கொடிய நோய் முற்றி அவர் இறந்தார். உச்சநீதிமன்றம் 2009இல் கவனக்குறைவு என்றது. 2013 அக்டோபரில் ஏறத்தாழ 6 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. பதினைந்து வருஷப் போராட்டம். அந்தக் கணவரின் பிடிவாதத்துக்குத் தலைவணங்க வேண்டும். ஆனால் தீர்ப்பு ஒரு பிரதியாகச் செய்வது என்ன? யார் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று அது சொல்கிறது. நாளுக்கு இரண்டு என்று எழுதியதை எழுதிய இடத்திலேயே நிறுத்தக்கூடிய இன்னொரு கண் ஏன் இல்லை என்பதைச் சொல்வது அதன் வேலையல்ல.

*

தமிழில் இதைப் பேச நமக்கு இருக்கிற சொற்களைப் பாருங்கள். தவறு, தப்பு, பிழை, குற்றம். பேச்சில் நாலும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்துகொள்கின்றன. 'தப்பு செஞ்சிட்டான்' என்றால் கணக்குத் தப்பா, களவா என்று தெரியாது. ஆனால் இலக்கணக்காரர்கள் கையில் ஐந்தாவது சொல் ஒன்று இருந்தது: வழு. நன்னூல், திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்று ஏழு இடங்களில் வழு நேரும் என வகுக்கிறது. தொல்காப்பியத்தின் கிளவியாக்கமே பெரும்பாலும் வழுவைப் பற்றியதுதான். அங்கே பேசினவன் யார் என்பது ஒரு பொருட்டே இல்லை. பேச்சு எந்த இடத்தில் வழுக்கும், ஏன் வழுக்கும் என்பதுதான் விஷயம்.

1995இல் அமெரிக்காவில் மருந்துப் பிழை அறிவித்தலுக்கும் தடுப்புக்குமான தேசிய ஒருங்கிணைப்புக் குழு ஒன்று அமைந்தது. மருந்து நோயாளியின் கையிலோ மருத்துவப் பணியாளரின் கையிலோ நுகர்வோரின் கையிலோ இருக்கும்போது நேரும், தடுத்திருக்கக்கூடிய எந்த நிகழ்வும் மருந்துப் பிழைதான் என்பது அதன் வரையறை. அது வகுத்த படிநிலை ஆங்கில நெடுங்கணக்கின் முதல் ஒன்பது எழுத்துகளில் ஓடுகிறது. முதலாவது, பிழை இன்னும் நடக்கவேயில்லை, நடப்பதற்கான சூழல் மட்டும் இருக்கிறது. இரண்டாவது, பிழை நடந்தது, நோயாளியை எட்டவில்லை. ஒன்பதாவது, மரணம். நாம் செய்தித்தாளில் படிப்பதெல்லாம் கடைசி ஒன்றிரண்டு எழுத்துகளை மட்டுமே. முதல் இரண்டில்தான் தடுப்பதற்கான அறிவு முழுவதும் இருக்கிறது. செவிலியர்களுக்குச் சொல்லித்தரும் ஐந்து சரிகள், அதாவது சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம், ஏறக்குறைய நம் திணை, பால், இடம், காலத்தை நினைவூட்டுகின்றன. ஒப்புமையை ரொம்ப இழுக்கக்கூடாது. ஒன்றை மட்டும் சொல்லி விடுகிறேன்: வழுவமைதி. வழுதான், ஆனாலும் ஒரு காரணம் பற்றி ஏற்றுக்கொள்ளப்பட்டது. பசுவை அன்பால் அம்மா என்பதைப்போல. மருத்துவமனையில் அநேக விபத்துகள் வழுவால் நேர்வதில்லை, வழுவமைதியால் நேர்கின்றன. அவசரத்துக்கு வாயால் சொல்லி எழுதாமல் விட்ட மருந்து, பெயர் ஒட்டாத ஊசிக்குழல், அட்டை முதுகில் பேனாவால் எழுதும் பழக்கம். எல்லாரும் செய்வது, ஒன்றும் ஆகாமல் போய்க்கொண்டிருப்பது, ஆகவே வழு என்றே தெரியாமல் போய்விட்டது.

*

ஒரு வழுவை எப்படிக் கண்டுபிடிப்பது? எங்கள் ஊர்ப்பக்கத்து உத்தமதானபுரத்தில் பிறந்த உ.வே. சாமிநாதையர் 1880இல் கும்பகோணம் கல்லூரியில் சேர்ந்து, 1887இல் சிந்தாமணியைப் பதிப்பித்தார். ஏட்டுச்சுவடியில் புள்ளி இல்லை. எகர ஏகாரத்துக்கு வேறுபாடு இல்லை. ரகரமும் காலும் ஒன்று. ஒரே ஓர் ஏட்டை வைத்துக்கொண்டிருந்தால் அதில் இருக்கும் பிழை பிழை என்றே தெரியாது. பல ஏடுகளைத் தேடி அலைந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோதுதான் பாடபேதம் தெரிந்தது. இதுவே அறிவித்தலின் வேலை. ஒரு மருத்துவமனையில் நடந்த ஒரு தவறு வெறும் கதை. பத்து இடங்களில் நடந்த தவறுகளைப் பக்கத்தில் வைத்தால் அது பாடம். மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் தரும் அமெரிக்க அமைப்பு 1998இல் தன் முதல் எச்சரிக்கை மடலை வெளியிட்டபோது அதன் கையில் இருந்தவை ஏறத்தாழ பத்து நிகழ்வுகள்தான். அடர்த்தியான பொட்டாசியம் குளோரைடு. நீர்க்காமல் நேராக ரத்தத்தில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். அநேக நிகழ்வுகளில், பார்வைக்கு ஒன்றுபோல இருந்த வேறொரு மருந்தென்று நினைத்து எடுத்திருந்தார்கள். கவனமாக இருங்கள் என்று அந்த மடல் அறிவுரை சொல்லி முடிக்கவில்லை. அந்தக் குப்பியை வார்டு அலமாரியிலிருந்தே எடுத்துவிடச் சொன்னது. கைக்கு எட்டாத குப்பியைத் தவறி எடுக்க முடியாது.

ஏடு எழுதியவர்கள் கடைசியில், பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளச் சொல்லி ஒரு வரி எழுதி வைப்பது வழக்கம். யாரும் அதைப் பிடித்துக்கொண்டு எழுதினவன் விரலை வெட்டவில்லை. வெட்டியிருந்தால் சரஸ்வதி மகாலில் இத்தனை சுவடி சேர்ந்திருக்குமா என்பது சந்தேகம். இரண்டாம் சரபோஜி (ஆட்சி 1798-1832) தன்வந்திரி மகால் வைத்து மருந்துகளைச் சோதிக்கச் செய்ததும், கண்நோயாளிகளின் விவரங்களைப் படத்தோடு தாள்களில் பதிந்துவைக்கச் செய்ததும் இதே ஊரில்தான். பதிவு செய்யும் மரபு இல்லாத மண் அல்ல இது.

அப்புறம் ஏன் யாரும் எழுதுவதில்லை? என் சித்தி மகள் ஓர் அரசு மருத்துவமனையில் செவிலியர். அவளிடம் கேட்டேன். சிரித்தாள். "எழுதுனா செவன்டீன் பி-ண்ணே. எழுதாட்டி ஒண்ணுமில்ல. நீங்களா இருந்தா எழுதுவீங்களா?" தமிழ்நாடு குடிமைப் பணிகள் ஒழுங்கு மற்றும் மேல்முறையீட்டு விதிகளில் 17(ஆ) என்பது பெருந்தண்டனைக்கான குற்றச்சாட்டுக் குறிப்பாணை. பதவி உயர்வு அதோடு நிற்கும். அவள் சொன்னதில் ஒரு முழு இலக்கியக் கொள்கையே இருக்கிறது. நம் அலுவலக எழுத்தில் இரண்டே வகைமைகள்தாம் உண்டு: மேலே போகும் மனு, கீழே வரும் குறிப்பாணை. பிழையை எழுதினால் அது மனுவாக இருக்க முடியாது. ஆகவே ஒப்புதல் வாக்குமூலமாகத்தான் வாசிக்கப்படும். வாக்குமூலம் என்பது உண்மையைப் பேச வைப்பதுபோல் காட்டிக்கொண்டு, பேசுகிறவனைப் பேச வைத்தவனின் கையில் ஒப்படைக்கும் உத்தி என்று ஃபூக்கோ காட்டியது நம் தாலுகா ஆஸ்பத்திரிக்கும் பொருந்தத்தான் செய்கிறது.

செய்தித்தாளின் கதையாடலும் இதற்குத் துணை. தவறான ஊசி, உறவினர் சாலை மறியல், பேச்சுவார்த்தை, செவிலியர் பணியிடை நீக்கம். இந்த நாலாவது உறுப்பு வந்ததும் கதை முடிந்துவிடும். அலமாரி அப்படியே இருக்கும். குப்பி அதே இடத்தில் இருக்கும். மறுநாள் காலை ஷிப்டுக்கு வேறொரு பெண் வருவாள்.

அமெரிக்காவிலும் எல்லாம் தெளிந்துவிடவில்லை. 2017 கடைசியில் டென்னசியில் ராடோண்டா வாட் என்ற செவிலியர், பதற்றத்தைத் தணிக்கும் மருந்தை எடுப்பதாக நினைத்து, பெயரின் தொடக்க எழுத்துகள் ஒன்றான, தசைகளை முடக்கும் மருந்தை எடுத்துக் கொடுத்துவிட்டார். நோயாளி இறந்தார். தான் செய்ததை அவர் மறைக்கவில்லை, உடனே சொன்னார். 2022 மார்ச்சில் அவரைக் குற்றவாளி என்றது நீதிமன்றம். மே மாதம் சிறைக்குப் பதில் மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு விதித்தது. எச்சரிக்கைகளை அவர் கடந்துபோனார் என்பதும் உண்மை. ஆனால் அந்த வழக்கைப் பார்த்துக்கொண்டிருந்த மற்ற செவிலியர்கள் அதிலிருந்து கற்றுக்கொண்டது என்னவாக இருக்கும்?

நம் சட்டமும் ஒன்றைச் செய்திருக்கிறது; இதைப் பற்றிப் பேச்சே இல்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவு, அசட்டையால் மரணம் விளைவித்தால் ஐந்தாண்டு வரை சிறை என்கிறது. சிகிச்சையின்போது பதிவுபெற்ற மருத்துவர் செய்தால் இரண்டாண்டு வரை. மருத்துவர் யார் என்பதற்கு அங்கேயே விளக்கம் உண்டு: மருத்துவப் பதிவேட்டில் பெயர் இருப்பவர். செவிலியரும் மருந்தாளுநரும் அந்தப் பதிவேட்டில் வரமாட்டார்கள். அதே வார்டில் அதே இரவில் அதே மருந்துக்கு, எழுதியவருக்கு இரண்டு, ஏற்றியவருக்கு ஐந்து. கடைமடைக்கு எப்போதும் வருகிற நீதிதான்.

மருந்துப் பிழை அல்ல, ரத்தப் பிழைதான், இருந்தாலும் சாத்தூரை விட்டுவிட்டு இதைப் பேச முடியாது. 2018 டிசம்பரில் விருதுநகர் மாவட்டம் சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. தொற்றுள்ள ரத்தம் ஏற்றப்பட்டது. சிவகாசி ரத்த வங்கியிலிருந்து வந்த ரத்தம். இது வெளியே தெரிந்தது எப்படி? எந்தப் பதிவேடும் சொல்லவில்லை. எந்த மேற்பார்வையும் சொல்லவில்லை. ரத்தம் கொடுத்த அந்த இளைஞர், வெளிநாட்டு வேலைக்கான பரிசோதனையில் தனக்குத் தொற்று இருப்பது தெரிந்ததும், தானே போய்ச் சொன்னார். 2016இலேயே அவர் கொடுத்த ரத்தத்தில் அது தெரிந்திருந்தும் அவரிடம் சொல்லப்படவில்லை என்று அப்போது செய்திகள் வந்தன. ஆய்வக ஊழியர்கள் மீது நடவடிக்கை வந்தது. அந்த இளைஞர் நஞ்சருந்தி, டிசம்பர் 30 அன்று மதுரையில் இறந்தார். அந்தச் சங்கிலி முழுவதிலும் அறிவித்தல் என்ற காரியத்தைச் செய்தவர் அவர் ஒருவர்தான்.

*

குற்றவாளி இல்லாத பிழை அறிக்கை என்ற மூன்றாவது வகைமை நம்மிடம் அறவே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2010இல் தொடங்கி, 2011இலிருந்து காசியாபாத்தின் இந்திய மருந்துநூல் ஆணையம் ஒருங்கிணைக்கும் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் படிவம் அது. மருத்துவக் கல்லூரிகளில் இதற்கு மையங்கள் உண்டு. மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர் மட்டுமல்ல, நோயாளியும் நிரப்பலாம். பொதுமக்களுக்கான படிவம் தமிழிலும் இருக்கிறது. 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணிலும் சொல்லலாம். நோயாளியின் பெயர் வேண்டாம், முதலெழுத்துகள் போதும். படிவத்தில் சின்ன எழுத்தில் இருக்கும் ஓர் அறிவிப்பைப் பலமுறை படித்தேன்: இதை அனுப்புவதால், மருத்துவப் பணியாளரோ மருந்தோ தயாரித்தவரோதான் காரணம் என்று ஒப்புக்கொண்டதாக ஆகாது. நம் அலுவலக எழுத்தில் இப்படி ஒரு வாக்கியத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அம்மா தேறியபின் நிரப்பினேன். குறையும் அப்போதுதான் தெரிந்தது. படிவம் மருந்தைக் கேட்கிறது, அளவைக் கேட்கிறது, உடம்பில் என்ன ஆனது என்று கேட்கிறது. சீட்டில் என்ன எழுதியிருந்தது, அதை யார் எப்படி வாசித்தார்கள் என்பதற்குத் தனிக் கட்டம் இல்லை. அடிப்படையில் அது மருந்தின் பக்கவிளைவுக்கான படிவம், பிரதியின் பக்கவிளைவுக்கானதல்ல. உலக சுகாதார நிறுவனம் 2017இல், மருந்துப் பிழைகளால் உலகம் ஆண்டுக்கு 4,200 கோடி டாலர் இழக்கிறது என்று சொல்லி, தடுக்கக்கூடிய கடுந்தீங்கை ஐந்தாண்டில் பாதியாக்க அறைகூவியது. இந்தியாவும் 2018இல் நோயாளி பாதுகாப்புக்கென்று ஒரு செயல்திட்டம் வெளியிட்டது. இதெல்லாம் ஆங்கிலத்தில் இருக்கிறது. விவரிப்பதற்கான இடத்தில் இடுக்கி இடுக்கி, அந்த ஒற்றை எழுத்தையும் 0-0-1ஐயும் எழுதி அனுப்பினேன்.

1994இல் அமைந்து 1995 ஜனவரியில் மருந்து வழங்கத் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பணத்தை மிச்சப்படுத்தத்தான் அதை உருவாக்கினார்கள். ஆனால் குறுகிய பட்டியல், பொதுப்பெயர் என்று வைத்துக்கொண்டதால், அரசு மருத்துவமனைகளில் ஃபால்சிகோ - ஃபால்சிடாப் வகைக் குழப்பத்துக்கு இடம் சுருங்கிவிட்டது என்பது என் எண்ணம். தடுப்பு என்பது பெரும்பாலும் இப்படித்தான், யாருக்கும் புத்தி சொல்லாமல் நடக்கிறது.

பழைய மருந்துக்கடைக்கும் போனேன், சண்டைக்கில்லை. அந்தப் பையனிடம் அட்டையைக் காட்டி நடந்ததைச் சொன்னேன். முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ சார், நான் எழுதினதுதான்" என்றான். நான் வாசித்ததும்தான் என்றேன். இப்போது அங்கே இந்த மாத்திரையை அட்டையாகக் கொடுப்பதில்லை. நாலு மாத்திரையை வெட்டி, காகித உறையில் போட்டு, 'ஞாயிறு மட்டும்' என்று எழுதிக் கொடுக்கிறார்கள்.

அம்மாவுக்கு இப்போது வேறு மருந்து. மாதம் ஒருமுறை மூட்டு நோய்க்கு வரும் கூட்டத்தில் அவரும் உட்கார்ந்திருக்கிறார். ஆங்கிலம் தெரியாது. பக்கத்தில் யார் வந்து உட்கார்ந்தாலும் அவர் மடியிலிருக்கும் பையைப் பார்த்துவிட்டு முதலில் கேட்பது இதுதான்: "ஒங்களுக்குக் குடுத்துருக்கது தெனப்படி மாத்தரையா, ஞாயித்துக்கெழம மாத்தரையா? தெரியலன்னா உள்ள போயிக் கேட்டுட்டு வாங்க. நான் எடம் புடிச்சு வச்சிருக்கேன்."